மூச்சில் விளைந்த கல்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். இருவர் சொன்னதும் முழுக்க ஒத்துப்போகவில்லை. கேட்டும் வருஷங்களாகிவிட்டன. எது யார் சொன்னது, எது நானாக இட்டு நிரப்பியது என்று பிரித்துச் சொல்ல இப்போது எனக்குத் தைரியமில்லை. ஒருவர் கதையில் நோயாளியின் அறை ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். மற்றவர் கதையில் அது ஆணியடித்து மூடியிருக்கும். நான் திறந்தே வைத்துக்கொள்கிறேன். கல்லைப் பற்றி மட்டும் இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

தாட்சாயிணி வேலை பார்த்த இடம் திருச்சியை அடுத்த துவாக்குடியில் இருந்தது. உயிர்மணி என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் ஐஸ் தொழிற்சாலை மாதிரி இருக்கும். உள்ளே வரிசையாக எஃகு அறைகள். ஒவ்வொன்றிலும் சின்னக் கண்ணாடித் துவாரம். துவாரத்தில் கண்ணை வைத்தால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஓர் ஒளி உருண்டை அசையாமல் நிற்பது தெரியும். அதன் அடியில் விரல் நகம் அளவில் ஒரு வைரத் துண்டு கிடக்கும். அதை வித்து என்பார்கள். ஒளியிலிருந்து கரியின் அணுக்கள் ஒவ்வொன்றாக இறங்கி வித்தின் மேல் உட்காரும். தலைமுடியின் கனம் ஏறுவதற்கே பகல் முழுதும் ஆகும்.

இறந்தவர்களின் சாம்பலிலிருந்து வைரம் செய்து கொடுக்கும் தொழில் வெளிநாடுகளில் பழையது. அதை இங்கே கொண்டுவந்தவர்கள் முதல் வருஷமே கையைச் சுட்டுக்கொண்டார்கள். சுடுகாட்டுச் சாம்பலைக் காதில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் யார் நிற்பார்கள்? அப்போதுதான் யாருக்கோ மூச்சு என்று தோன்றியது. விடுகிற மூச்சிலும் கரிதான் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது விட்ட மூச்சுக்குத் தீட்டு ஏது? ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். கல் வளர்ந்து முடியும்வரை அந்த மனிதர் உயிரோடு இருக்கவேண்டும்.

அந்த நிபந்தனை என்னென்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. போகவேண்டியவர்கள் போக முடியாமல் படுத்திருந்தார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. ‘கல்லு முடியட்டும், அப்புறம் விட்டுடலாம்’ என்று அழுதுகொண்டேதான் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அது ஊரில் சாதாரணப் பேச்சாகிவிட்டது.

சாத்தப்பச் செட்டியார் அப்படிப் படுத்திருந்தவர். தில்லைநகரில் மூன்றாவது மாடி வீடு. கூடத்தை ஒட்டிய அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில், மூச்சு இயந்திரம், பகலெல்லாம் பார்த்துக்கொள்ள ரெஜினா என்ற நர்ஸ். பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. கண் மட்டும் திறந்து மூடும். மனைவி உமையாள் ஆச்சி கட்டில் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். மகன் தேனப்பன் சிங்கப்பூரில் இருந்தான். அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாத்தாவின் மூச்சு பேத்தியின் கழுத்தில் கிடக்கவேண்டும் என்பது அவன் ஆசை. அறையில் கேமரா வைக்கக் கேட்டபோது ஆச்சி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாளாம். அவுகளைத் துடைச்சுவிடுறதைச் சிங்கப்பூர்ல இருந்து பாக்கணுமாக்கும் என்று.

இயந்திரத்திலிருந்து மூச்சு வெளியே வரும் குழாயில் ஒரு குப்பியைப் பொருத்தியிருந்தார்கள். குப்பி நிறைய வெள்ளைக் குருணை. மூச்சிலுள்ள கரியைக் குடிக்கக் குடிக்கக் குருணை ஊதா நிறமாகும். வாரம் ஒருமுறை தாட்சாயிணி வந்து ஊதாக் குப்பிகளை எடுத்துக்கொண்டு வெள்ளைக் குப்பிகளை வைத்துவிட்டுப் போவாள். முதல் தடவை அவள் வந்தபோது தேனப்பனும் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான்.

ஆச்சிதான் பேச்சை ஆரம்பித்தாள். “பென்சில் முனையும் வைரமும் ஒண்ணுதான்னு சொல்றாக. நெசமா?”

“நெசந்தான் ஆச்சி. அடுப்புக் கரி, பென்சில் முனை, வைரம் எல்லாம் ஒரே சரக்கு. பென்சில்ல ஒவ்வொரு அணுவும் பக்கத்துல மூணு பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தட்டுத் தட்டா கிடக்கும், அதான் வழுக்கிட்டுப் போகுது. வைரத்துல ஒவ்வொண்ணும் நாலு பக்கமும் நாலு பேரைப் பிடிச்சுக்கும். எந்தப் பக்கமும் நகர முடியாது.”

“நாலு பேரு பிடிச்சாத்தான் போகவே முடியும்னு நான் நெனச்சேன்” என்றாள் ஆச்சி. ரெஜினா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செட்டியாரின் கண் ஒருமுறை மூடித் திறந்தது.

தேனப்பன் சிரிக்கவில்லை. பூமிக்குள் விளைகிற வைரம் எப்படி என்று கேட்டான். தாட்சாயிணி சொன்னாள். நூறு மைலுக்கும் கீழே, கல்லே கொதிக்கிற சூட்டில், தாங்க முடியாத பாரத்தில் அது விளைகிறது. எரிமலை அதை ஒரே மூச்சில் மேலே கொண்டுவரவேண்டும். மெதுவாக வந்தால் வழியிலேயே பென்சில் கரியாகிவிடும். நம் அறையில் பாரம் கிடையாது, தாஜா பண்ணித்தான் உட்கார வைக்கிறோம், அதனால் அவசரப்படுத்தக் கூடாது என்றாள்.

அவன் குப்பியைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே நடக்கும் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

“இது பூரா எங்க அப்பச்சிதான், இல்லீங்களா?” அப்பாவை அவன் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவான்.

தாட்சாயிணிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அந்தத் தொழிலில் அது பெரிய குறை. “பூரான்னு சொல்ல முடியாது சார். நேத்து உள்ள போனதுதான் இன்னிக்கு மூச்சா வெளிய வருது. இவருக்கு டியூப்ல போறது டின் மாவு, அது மக்காச்சோளம். அந்தக் கரிதான் பெரும்பாலும் இருக்கும்.”

“அப்பக் கல்லு சோளமா?”

“கொஞ்சம் அவரும் இருப்பார்.”

“பூரா அவுகளா வர்றதுக்கு என்ன செய்யணும்?”

“வெளியிலேர்ந்து ஒண்ணும் போகலைன்னா உடம்பு தன்னையே எடுத்து எரிக்கும். அப்ப வர்ற மூச்சு அவரோட...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு இயந்திரம் மட்டும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்தில் உயிர்மணியில் ‘சுத்த மூச்சு’ என்று ஒரு புதுத் திட்டம் வந்தது. யோசனை ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்தது என்று மேலாளர் சந்தோஷமாகச் சொன்னார். நிறுவனத்துக்கென்று ஒரு டாக்டர் இருந்தார். நோயாளிக்கு உணவு செரிக்கவில்லை, குறைப்பது நல்லது என்று அவர் எழுதிக்கொடுப்பார். தண்ணீர் போகும், உப்பு போகும், மருந்து போகும். குளுக்கோஸ்கூடப் போகாது, அதுவும் மக்காச்சோளத்திலிருந்துதான் வருகிறது.

தாட்சாயிணி அதைக் கேட்டுக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திறமையான பெண் என்று மேலாளர் சொன்னாராம்.

அவளுடைய இன்னொரு வேலை படலம் பார்ப்பது. கல் வளர வளர அதன் ஓரத்தில் லேசர் முனையைத் தொட்டு, ஒவ்வொரு படலத்திலும் எந்தக் கரி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். கரியில் கனமானது, லேசானது என்று இரண்டு உண்டு. சோளம், கம்பு, கேழ்வரகு மாதிரிப் பயிர்கள் கனத்த கரியைக் கொஞ்சம் அதிகம் எடுத்துக்கொள்ளும். நெல்லும் கோதுமையும் அவ்வளவு எடுக்காது. ஒரு மனிதர் வருஷக்கணக்காக எதைச் சாப்பிட்டாரோ அந்தக் கனத்தில்தான் அவர் உடம்பு இருக்கும். செட்டியார் மூன்று வேளையும் அரிசி தின்ற மனிதர்.

அடுத்த வாரப் படலங்களில் சோளத்தின் கனம் குறைந்துகொண்டே வந்தது. கோடு மெல்லச் சரிந்து அரிசியின் லேசை நோக்கிப் போயிற்று. திரையில் அது அழகான கோடு. தாட்சாயிணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கோடு கீழே இறங்க இறங்க, தில்லைநகரில் ஒரு மனிதர் தன் தொடையையும் தோளையும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சாக விட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வாரம் குப்பி மாற்றப் போனபோது செட்டியாரின் கன்னம் உள்ளே ஒட்டியிருந்தது. ஆச்சி அவளிடம், செரிக்கலைன்னு சாப்பாட்டை நிறுத்திட்டாக, ஆனா பசிக்குது அவுகளுக்கு, சோத்து வேளை வந்தாக் கண்ணு கதவுப் பக்கம் போகுது என்றாள். நிறுத்தியது ஏன் என்று கேட்டாள்.

தாட்சாயிணி சொல்லிவிட்டாள். இரண்டாவது முறையும் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. ஆச்சி முழுதும் கேட்டாள். சோளக் கரி, அரிசிக் கரி, படலம் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். படலம் பார்க்கும் மெஷினுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்றும் கேட்டாள். டின் மாவு இருந்தால் மெஷின் கத்தும், இல்லையென்றால் விட்டுவிடும் என்றாள் தாட்சாயிணி. ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை, மகனைத் திட்டவும் இல்லை. அதுதான் தாட்சாயிணிக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம், ஆச்சி தூங்குகிறாள் என்று சொல்லி, ரெஜினா குப்பிகளை வாசலிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு கோடு மாறியது.

அரிசிக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த கோடு ஒரே நாளில் மேலே தாவி, சோளத்துக்கும் அரிசிக்கும் நடுவில் போய் நின்றது. நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மெஷினுக்கு அது சோளம் இல்லை, அதனால் பேசாமல் இருந்துவிட்டது. ரகசியமாகப் பாதி மாவு கொடுக்கிறார்களோ என்று தாட்சாயிணி நினைத்தாள். அப்படியென்றால் கோடு நாளுக்கு நாள் ஆடவேண்டும். இது ஆடவில்லை. பட்டினி கிடக்கும் ஓர் உடம்பின் மூச்சு இது. ஆனால் அந்த உடம்பு செட்டியாரின் உடம்பு இல்லை.

மறுபடி குப்பி எடுக்கும் நாளில், உள்ளே போய்ப் பார்த்துவிடுவது என்றே தாட்சாயிணி வந்தாள். கதவைத் திறந்த ரெஜினா அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். ஜன்னல் திறந்திருந்தது, வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. செட்டியாரின் கன்னத்தில் சதை திரும்பியிருந்தது. யாரோ முகம் வழித்து, விபூதி பூசி வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஆச்சி உட்கார்ந்திருந்தாள். ரவிக்கைக் கை அவள் தோளில் நிற்காமல் இறங்கிக் கிடந்தது. கழுத்து எலும்புகளுக்கு நடுவே குழி. மடியில் ஒரு குப்பி. அதிலிருந்து வந்த குழாய் அவள் மூக்கையும் வாயையும் மூடிய முகமூடியில் முடிந்தது. டிவியில் சத்தமில்லாமல் ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடி ஆச்சி நிதானமாக மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள். குருணை ஊதாவாகிக்கொண்டிருந்தது.

தாட்சாயிணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஒரே அறையில் இரண்டு பேர் ஒரே தாளத்தில் மூச்சு விட்டார்கள். இயந்திரத்தின் தாளத்துக்கு ஆச்சி தன் மூச்சைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

ரெஜினாதான் மெதுவாகச் சொன்னாள். ஆச்சிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. காலையில் கம்பங்கூழ், ராத்திரி கேழ்வரகுக் களி, மதியம் மட்டும் ஒரு பிடி சோறு. இப்போது அதுவும் இல்லை. வெறும் தண்ணீர். அக்கம்பக்கத்தில் கேட்டால் புருஷனுக்காக விரதம் என்கிறாள். கேட்டவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டின் மாவு முழுக்கச் செட்டியாருக்குப் போகிறது. அவர் மூச்சு வெறுமே அறைக்குள் போகிறது.

ஆச்சி முகமூடியை எடுத்தாள். விளிம்பு பதிந்த இடம் சிவந்திருந்தது.

“கண்டுபிடிச்சிட்டியா. நீ கண்டுபிடிப்பேன்னு தெரியும்.”

“ஆச்சி, இது உயிருக்கு ஆபத்து. சர்க்கரை உடம்பு.”

“தெரியும்.”

“கல் முடியறதுக்கு இன்னும் நாள் இருக்கு. உங்களால தாங்க முடியாது.”

“கல்லு முடிஞ்சா அவுகளை விட்டுருவாக. அது எனக்குத் தெரியும். விடட்டும். அவுக விதி முடிஞ்சுது.” ஆச்சி புருஷனின் கையை எடுத்து விரல்களைத் தடவினாள். “கல்யாணமான நாள்லேருந்து அவுக ஒரு நாள் பசியோட படுத்ததில்ல. கோவிச்சுக்கிட்டுப் படுத்தாலும் எழுப்பிச் சோறு போட்டிருக்கேன். கடைசியில வயிறு காஞ்சு போகச் சொல்றியா?”

“உங்க மகன்கிட்டச் சொல்றேன்.”

“சொன்னா என்ன செய்வான்? எனக்குச் சோத்தைப் போட்டுட்டு அப்பச்சியைப் பட்டினி போடுவான். அவன் பாவம். அவனுக்குக் கல்லுலதான் அப்பச்சி தெரியுறாக.” பிறகு கொஞ்சம் கெஞ்சுவது போலச் சொன்னாள். “ரெண்டு வாரம் சும்மா இரும்மா. நீ பேசுனது போதும்.”

தாட்சாயிணி குப்பிகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ‘நீ பேசுனது போதும்’ என்றதில் கோபமே இல்லை என்று பிற்பாடு அவள் சொன்னாள். கோபம் இருந்திருந்தால் அன்றே போன் செய்திருப்பாளாம்.

அவள் சும்மா இருந்தாள். சொன்னால் செட்டியார் பட்டினி, சொல்லாவிட்டால் ஆச்சி பட்டினி. எஃகு அறையின் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு அந்த ஒளி உருண்டையைப் பார்த்தபடி நாட்களைக் கடத்தினாள். அறையை அணைத்துவிடலாம் என்றும் தோன்றியது. அணைத்தால் கல்லில் கோடு விழும், கல் வீணாகும். வேறு வித்து வைத்து முதலிலிருந்து தொடங்குவார்கள். அவ்வளவுதான். திரையில் நடுக்கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. கரி ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. அவளுக்கு அந்த வாரம் முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது ஆச்சிக்கு எழுந்திருக்க முடியவில்லை. முகமூடி அவள் முகத்தில் பெரிதாகத் தெரிந்தது. பேச்சு குழறியது. தாட்சாயிணியை யாரென்று கேட்டாள். தாட்சாயிணி கூடத்துக்கு வந்து தேனப்பனுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீங்கதானங்க சொன்னீங்க. சோளம்னு” என்றான் அவன்.

“ஆமா சார்.”

“ஆத்தாவுக்குச் சோறு போடச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் போடச் சொல்லுங்க. நான் வர்றேன்.”

ரெஜினா கஞ்சி வைத்தாள். ஆச்சி வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தேனப்பன் விமானத்தில் இருக்கும்போதே ஆச்சி போய்விட்டாள்.

செட்டியாரைப் பற்றி அப்போது யாருக்கும் நினைவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒரு டாக்டர் உறவுக்காரர்தான் அவர் பக்கத்தில் நின்று இயந்திரத்தைக் கவனித்தார். மூச்சை இயந்திரம் தொடங்கவில்லை, செட்டியார்தான் தொடங்குகிறார் என்றார். உடம்பில் சத்து ஏறியிருக்கிறது, நெஞ்சுத் தசைக்குப் பலம் வந்திருக்கிறது என்றார். பட்டினி தொடர்ந்திருந்தால் இது நடந்திருக்காது என்றும் சொன்னார். அதைக் கேட்ட தேனப்பன் மொட்டையடித்த தலையைக் கையால் மூடிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தான். சில வாரங்களில் இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆச்சி விட்டுப்போன குப்பிகள் போதுமானதாக இருந்தன. கல் தானாக வளர்ந்து முடிந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பட்டை தீட்டியபோது அதில் ஒரு கீறலோ புள்ளியோ இல்லை. யாருடைய மூச்சு என்று தேனப்பனுக்கும் தாட்சாயிணிக்கும் ரெஜினாவுக்கும் மட்டும் தெரியும். பேத்தி விசாலாட்சியிடம் தாத்தாவின் கல் என்றுதான் சொன்னார்கள்.

எந்த வைரத்தையும் எடுத்தவுடன் போட்டுக்கொள்ளும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துப் பார்க்கவேண்டும். கெட்ட கனவு வராவிட்டால், வீட்டில் ஒன்றும் ஆகாவிட்டால், கல் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். விசாலாட்சி வைத்துப் படுத்தாள். கனவே வரவில்லை. பசிதான் வந்தது. மூன்று ராத்திரியும் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றபடியே கையில் கிடைத்ததைச் சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகும் பசித்தது. கல்யாணப் பரபரப்பு என்று அவள் அம்மா வாங்கி வைத்துப் படுத்தாள். அவளுக்கும் அப்படித்தான். தேனப்பன் ஒரு ராத்திரி மட்டும் வைத்துப் பார்த்தான். விடிந்ததும் கல்லை எடுத்துக்கொண்டு துவாக்குடிக்கு வந்து தாட்சாயிணியின் மேஜைமேல் வைத்தான்.

“ஒத்துக்கலைங்க” என்றான்.

அவள் அதைத் தொடவில்லை. பிறகு அவனே எடுத்துக்கொண்டு போனான்.

விசாலாட்சிக்குக் கல்யாணம் ஆகி, இப்போது மலேசியாவில் இருக்கிறாள். கழுத்தில் கடையில் வாங்கிய கல். தேனப்பன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டுத் தில்லைநகர் வீட்டுக்கே வந்துவிட்டான். ரெஜினா அங்கேயேதான் இருக்கிறாள். தாட்சாயிணி உயிர்மணியிலிருந்து விலகி, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பால் பண்ணையில் பரிசோதனை வேலை பார்க்கிறாள். அதிகம் பேசுவதில்லை. உயிர்மணி இன்னும் நடக்கிறது. மதுரையிலும் கோவையிலும் கிளை திறந்திருக்கிறார்கள், சுத்த மூச்சுக்குத்தான் கிராக்கி. கல்லைச் செட்டியாரின் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அவருக்குப் பேச்சு வரவில்லை, அதனால் ராத்திரியில் அவருக்கு என்ன தோன்றுகிறது என்று யாருக்கும் தெரியாது. வேளை தவறாமல் சாப்பிடுகிறார்.